தேவ்நார் மேட்டுக்கு யார் பொறுப்பு?

தாராவி சீரமைப்புத் திட்டத்தில், தாராவிக்குள்ளேயே வீடு பெறத் தகுதியற்றவர்கள் எனக் கணக்கிடப்படும் குடும்பங்களைக் குடியமர்த்துவதற்காக, தேவ்நார் குப்பைக் கிடங்கில் 124 ஏக்கர் நிலத்தை ஒதுக்க மகாராஷ்டிர அரசு 2024 அக்டோபரில் முடிவு செய்தது. 2000 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பே குடியிருந்ததற்குச் சான்று காட்ட முடியாதவர்களும், மேல்தளங்களில் வசிப்பவர்களும் இந்தப் பட்டியலில் அடங்குவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, சதுப்பு நிலத்தைத் தூர்த்து மேடாக்கி, தாராவியைக் குடியிருக்கத் தக்க இடமாக மாற்றியவர்களில் தமிழர்கள் கணிசமானவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பலர் மீண்டும் ஒரு குப்பை மேட்டை நோக்கி அனுப்பப்படக்கூடும் என்பதுதான் இந்த முடிவின் பொருள்.

இந்தப் பிரச்னை இதுவரை வீட்டு வசதிப் பிரச்னையாகவும், ஒரு பெரும் தொழில் குழுமத்துக்குக் காட்டப்படும் சலுகையாகவும் மட்டுமே பேசப்பட்டு வந்திருக்கிறது. இரண்டும் பேசப்பட வேண்டியவையே. ஆனால், அந்த மேடு எப்படி உருவாயிற்று, அது வளராமல் தடுப்பதற்கு மும்பை மக்களே தொடங்கிய முயற்சிகள் என்னவாயின என்ற கேள்வியை எந்தக் கட்சியும் எழுப்பியதாகத் தெரியவில்லை. வீட்டுக் குப்பையை வீட்டிலேயே பிரிப்பது என்பது ஓய்வு நேரத்தில் செய்யும் நற்பணியாகவே நம் அரசியல்வாதிகளின் கண்ணுக்குத் தெரிகிறது. தேவ்நாரின் வரலாறு அறிந்தவர்கள் அப்படி நினைக்க முடியாது.

1896-இல் பம்பாயை பிளேக் நோய் தாக்கியது. அதன் பிறகு, நகரின் கழிவுகளை நகருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதற்காக செம்பூரையடுத்த தேவ்நார் சதுப்பு நிலத்தை ஆங்கிலேய நிர்வாகம் வாங்கியது. குப்பையை ஏற்றிச் செல்வதற்கென்றே தனி ரயில் ஓடியது. தேவ்நார் கிடங்கின் தொடக்க ஆண்டாக மாநகராட்சி 1927-ஐக் குறிப்பிடுகிறது. எப்படிக் கணக்கிட்டாலும், இந்த மேட்டுக்கு வயது நூறை நெருங்குகிறது. 300 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில், சில இடங்களில் நூறடிக்கும் மேலான உயரத்தில், தாணே கழிமுகத்தின் அலையாத்திக் காடுகளை ஒட்டி அது எழுந்து நிற்கிறது. தலைநகரில் இருப்பவர்கள் காஜிப்பூர் மேட்டை எண்ணிக்கொண்டால் ஓரளவு புரியும். ஆனால், 1984-இல் தொடங்கிய காஜிப்பூர், தேவ்நாருக்கு மகன் வயதுதான்.

தேவ்நாரைச் சுற்றி மக்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். தாமாக வந்தவர்களும் உண்டு. ஆனால், அரசாங்கமே கொண்டுவந்து இறக்கிவிட்டவர்கள் ஏராளம். நகரின் உட்பகுதிகளில் குடிசைகளை இழந்தவர்களுக்காக 1970-களில் மாநகராட்சி சிவாஜி நகர், பைங்கன்வாடி ஆகிய மறுகுடியமர்வுப் பகுதிகளை இந்த மேட்டின் காலடியிலேயே அமைத்தது. 1976 மே மாதம், நெருக்கடி நிலைக் காலத்தில், டிராம்பே அணுசக்தி நிலையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டு, பெருமளவில் தமிழர்களைக் கொண்டிருந்த அதன் மக்கள் சீட்டா கேம்ப்புக்கு மாற்றப்பட்டனர். ரயில் பாதை விரிவாக்கத்துக்காக இடம்பெயர்ந்தவர்களுக்குப் பின்னாளில் மான்குர்டு பகுதியில் அடுக்குமாடிகள் கட்டப்பட்டன. இவை அனைத்தும் மாநகராட்சியின் எம் கிழக்கு வார்டுக்குள் அடங்கும். 2009-இல் வெளியான மும்பை மனிதவள மேம்பாட்டு அறிக்கை, நகரின் வார்டுகளில் கடைசி இடத்தை இந்த வார்டுக்குத்தான் தந்தது. நகருக்கு வேண்டாத பொருளையும் வேண்டாத மனிதர்களையும் ஒரே திசையில் அனுப்புவது மும்பையின் பழைய வழக்கம்.

மேடு எரிவது ஏன் என்பதற்கு விடை சமையலறையில் இருக்கிறது. மும்பையின் குப்பையில் 70 சதவீதத்துக்கு மேல் உணவுக் கழிவு. சோறும் காய்கறித் தோலும் மீன் செதிளும் பிளாஸ்டிக்கோடும் துணியோடும் கலந்து, அடுக்கடுக்காகப் புதைந்து, காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வாயு உருவாகிறது. அது எளிதில் தீப்பற்றும். மேற்பரப்பில் அணைத்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். அழுகலிலிருந்து வடியும் கருஞ்சாறு கழிமுகத்தில் கலக்கிறது. நெருப்பு வேண்டாம், புகை வேண்டாம், சாறு வேண்டாம் என்றால், அந்த 70 சதவீதம் லாரியில் ஏறவே கூடாது. இதற்கு மேல் பெரிய விஞ்ஞானம் எதுவும் இதில் இல்லை.

2016 ஜனவரி இறுதியில் மூண்ட தீ பல நாள் எரிந்தது. நகரின் மீது படர்ந்த புகையை விண்வெளியிலிருந்து செயற்கைக்கோள்கள் படம் பிடித்தன. அக்கம்பக்கத்துப் பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச்சில் மீண்டும் பற்றியது. சிவாஜி நகரும் கோவண்டியும் அதற்கு முன்பு பல்லாண்டுகள் சுவாசித்த அதே புகைதான். அந்தமுறை காற்றின் போக்கில் அது மற்ற பகுதிகளுக்கும் சென்றுவிட்டதால் தேசியச் செய்தியாயிற்று. செம்பூர்வாசிகள் இந்தப் புகைக்கு எதிராக 1990-களிலேயே உயர் நீதிமன்றப் படியேறியவர்கள். 2016 பிப்ரவரி 29 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம், குப்பையை விதிப்படி கையாளாத நகரில் புதிய கட்டடங்களுக்கு அனுமதி தரக்கூடாது என்று உத்தரவிட்டது. பழைய கட்டடங்களை மறுசீரமைப்பது போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. கட்டுமானத் தொழில் அதிர்ந்தது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைத் தளர்த்தியது. வீடு கட்டுவோருக்கு இரண்டே ஆண்டுகளில் நிவாரணம் கிடைத்தது. மேட்டின் அடியில் வாழ்வோரின் காத்திருப்புக்குக் கணக்கே இல்லை.

தீயின் பழி முதலில் யார் மீது விழுந்தது தெரியுமா? குப்பை பொறுக்கும் பெண்கள் மீது. இரும்பும் செம்பும் எடுப்பதற்காக அவர்களே கொளுத்தினார்கள் என்று பேசப்பட்டது. மதிலை உயர்த்தி, காவலாளிகளை நிறுத்தி, கேமரா பொருத்தி, அவர்களுக்குக் கிடங்கின் வாயில் அடைக்கப்பட்டது. மாநகராட்சி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் நாள்தோறும் பிளாஸ்டிக்கையும் உலோகத்தையும் காகிதத்தையும் பிரித்தெடுத்து, தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டுக்கும் பிற மறுசுழற்சிப் பட்டறைகளுக்கும் போய்ச்சேர வழி செய்தவர்கள் அவர்கள்தாம். அந்த வழியை அடைத்த மாநகராட்சி, மாற்றாக எதையும் திறக்கவில்லை.

திறந்திருக்க முடியும் என்பதற்கு மும்பையிலேயே சான்று உண்டு. 1990-களின் நடுவில் காட்கோபரின் ஜோஷி சந்தில் குடியிருந்தவர்கள், குப்பையைப் பிரிக்கவும் தெருவைப் பராமரிக்கவும் ஒன்றுகூடினர். மாநகராட்சி அந்த முயற்சியை நகர் முழுவதும் பரப்ப முன்வந்தது. மேம்பட்ட வட்டார மேலாண்மைத் திட்டம் என்று பெயர் சூட்டப்பட்டு, சில ஆண்டுகளுக்குள் இத்தகைய குழுக்கள் நூற்றுக்கணக்கில் பெருகின. மக்கும் குப்பையை வளாகத்திலேயே உரமாக்குவது, மக்காததைப் பொறுக்குவோரிடம் ஒப்படைப்பது என்பதே அடிப்படை ஏற்பாடு. செம்பூரில் இந்தக் குழுக்கள் மிகத் துடிப்போடு இயங்கின. ஏறக்குறைய இதே காலத்தில் சென்னையில் நிகழ்ந்ததைத் தமிழ் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1989-இல் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா, தெருவுக்குத் தெரு சங்கம் அமைத்து, மூன்று சக்கர மிதிவண்டியோடு ஒருவரை நியமித்து, வீடுவீடாகக் குப்பை எடுத்தது. 2000-இல் சென்னையின் சில மண்டலங்கள் ஓனிக்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டன. எல்லாவற்றையும் ஒன்றாய் அள்ளிச் செல்லும் பெரிய வண்டி வாசலுக்கு வந்தபின், பிரித்து வைத்த குடும்பத்தலைவி எதற்காகப் பிரிக்க வேண்டும்?

தேவ்நாருக்கு மிக அருகில் நடந்த இன்னொரு முயற்சி இன்னும் முக்கியமானது. 1975-இல் தோன்றிய ஸ்த்ரீ முக்தி சங்கடனா என்ற பெண்கள் அமைப்பு, ஜோதி மாப்சேகரின் தலைமையில், 1998 முதல் குப்பை பொறுக்கும் பெண்களை ஒன்றுதிரட்டத் தொடங்கியது. பெரும்பாலும் தலித் பெண்கள். 1972-இன் கடும் வறட்சியில் மகாராஷ்டிரக் கிராமங்களிலிருந்து மும்பைக்கு வந்த குடும்பங்கள் அவற்றில் பல. அவர்களுக்கு அடையாள அட்டை கிடைத்தது. சேமிப்புக் குழுக்கள் உருவாயின. உரம் தயாரிக்கவும் உயிரிவாயுக் கலன்களை இயக்கவும் பயிற்சி தரப்பட்டது. மேட்டின் மீது குனிந்து பொறுக்கியவர்கள், குடியிருப்பு வளாகங்களுக்குள் கூலியோடும் மரியாதையோடும் நுழைந்தனர்.

அவர்கள் இயக்கிய கலன்களில் நிசர்குருணா என்பதும் ஒன்று. அதை உருவாக்கியது பாபா அணு ஆராய்ச்சி மையம்; வடிவமைத்தவர் அங்கு விஞ்ஞானியாக இருந்த சரத் காலே. உணவுக் கழிவைக் கூழாக அரைத்து, முதலில் காற்றோட்டத்திலும் வெப்பத்திலும் சிதைய வைத்து, பிறகு காற்றில்லாக் கலனில் செலுத்தினால் எரிவாயு கிடைக்கும், எஞ்சுவது உரம். அணு ஆராய்ச்சி மையம் இருப்பது டிராம்பேயில். அங்கிருந்து தேவ்நார் மேடு கூப்பிடு தொலைவு. நோய்க்குப் பக்கத்திலேயே மருந்தும் கண்டுபிடிக்கப்பட்டு கால் நூற்றாண்டு ஆகிறது. ஆயினும், 2020-இல் மாநகராட்சி ஒப்பந்தம் போட்டது நாளொன்றுக்கு 600 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைக்கு. ஈரக் கழிவு மிகுந்த இந்தியக் குப்பை நன்றாக எரியாது என்பது தில்லிக்காரர்களுக்கு ஓக்லா ஆலையைச் சுற்றி நடந்த போராட்டங்களால் நன்கு தெரிந்த செய்தி. பிரிக்காத குப்பையை எரித்தால் புகை மீண்டும் அதே கோவண்டிக்குத்தான் போகும். பிரித்துவிட்டால் அவ்வளவு பெரிய ஆலைக்குத் தீனி இருக்காது.

சட்டத்துக்கும் குறைவில்லை. 2000-ஆம் ஆண்டின் நகராட்சிக் குப்பை விதிகளும், அவற்றின் இடத்தில் வந்த 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் வீட்டிலேயே பிரிப்பதைக் கட்டாயமாக்கின. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதாக அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் நான்கு வகையாகப் பிரிக்கச் சொல்கின்றன. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வளாகங்களும், நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை தரும் வளாகங்களும் 2017 அக்டோபர் 2 முதல் ஈரக் கழிவைத் தாங்களே பதப்படுத்த வேண்டும் என்று மும்பை மாநகராட்சி அறிவித்தது. இல்லையேல் குப்பை எடுக்கமாட்டோம் என்றது. காந்தி ஜயந்தி வந்தது. நோட்டீசுகள் போயின. இடமில்லை, ஆளில்லை, துர்நாற்றம் வரும் என்று சங்கங்கள் முறையிட்டன. அவகாசம் கொடுக்கப்பட்டது. 2019-இல், முறையாகச் செய்யும் வளாகங்களுக்குச் சொத்து வரியில் 15 சதவீதம் வரை தள்ளுபடி என்று ஆசையும் காட்டப்பட்டது.

முறையிட்ட சங்கங்களைக் குறை சொல்லாமல் விடமுடியாது. மாதுங்காவிலும் செம்பூரிலும் கோயில் திருவிழாவுக்கும் இசைவிழாவுக்கும் ஒழுங்காக ஆள் திரட்டத் தெரிந்த நம்மவர்களுக்கு, வளாகத்தின் மூலையில் நான்கு உரத்தொட்டி வைக்க இடம் கிடைக்காமல் போவது விந்தைதான். கார் நிறுத்த இடம் கிடைத்துவிடுகிறது. ஆனால், முழுப் பழியையும் அவர்கள் தலையில் போடுவது நேர்மையாகாது. பிரித்து வைத்த குப்பையை ஒரே லாரியில் கொட்டிக் கலப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு எவருக்கும் ஊக்கம் மிஞ்சாது. லாரி ஏன் கலக்கிறது? எடைக்குக் கூலி என்ற முறையில் ஒப்பந்தம் இருந்தால், குப்பை குறைவது ஒப்பந்ததாரருக்கு நட்டம். எடையைக் கூட்டுவதற்காகக் கட்டட இடிபாடுகளைக் குப்பையோடு கலந்தார்கள் என்று ஒப்பந்ததாரர்கள் மீது 2017-இல் மாநகராட்சியே புகார் கூறியது. ஒரு கையால் குடிமக்களிடம் குப்பையைக் குறையுங்கள் என்று துண்டறிக்கை கொடுத்துக்கொண்டு, மறு கையால் குப்பை கூடக்கூடப் பணம் தரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் எந்தக் கை வெல்லும்?

புணேவில் கணக்கு வேறாக இருக்கிறது. 1993-இல் அங்கே குப்பை பொறுக்குவோர் தொழிற்சங்கம் அமைத்தனர். அந்தச் சங்கத்தின் வழியே உருவான ‘ஸ்வச்’ கூட்டுறவுடன் புணே மாநகராட்சி 2008-இல் உடன்படிக்கை செய்துகொண்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் வீடுவீடாகப் போய், பிரித்த குப்பையை வாங்குகிறார்கள். வீட்டுக்காரர் தரும் மாதக் கட்டணம் நேரே அவர்களுக்குப் போகிறது. உலர் கழிவை விற்ற பணமும் அவர்களுக்கே. கலந்த குப்பை வந்தால் அவருக்கு வருமானம் குறையும், ஆகவே வாசலிலேயே நின்று கேட்பார். ஆணையரின் சுற்றறிக்கைக்குப் பணியாத குடும்பம், நாள்தோறும் முகம் பார்க்கும் அந்தப் பெண்ணுக்குப் பணிகிறது. இந்த ஏற்பாட்டைக் கைவிட்டுத் தனியாரிடம் கொடுக்கும் முயற்சிகள் அவ்வப்போது தலைதூக்குகின்றன, போராடித்தான் காத்துவருகிறார்கள்.

கேரளத்தின் ஆலப்புழையில் இன்னொரு வழியில் விடிவு வந்தது. நகரத்தின் குப்பை கொட்டப்பட்ட சர்வோதயபுரம் மக்கள் 2012-இல் லாரிகளை மறித்தார்கள். கொட்ட இடமில்லை என்ற நிலை வந்ததும், ஆலப்புழை நகராட்சி வீட்டு உயிரிவாயுக் கலன்களையும் குழாய் உரத்தொட்டிகளையும் பரவலாக்கியது. சில ஆண்டுகளில் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு பாராட்டும் அளவுக்கு ஊர் மாறிற்று. கொட்டப்படுகிறவர்கள் மறுக்கும் பலம் பெற்றால், கொட்டுகிறவர்களுக்குப் பிரிக்கத் தெரிந்துவிடும். தேவ்நாரைச் சுற்றி வாழ்பவர்களுக்கு அந்தப் பலம் ஒருநாளும் இருந்ததில்லை. தங்கள் வீட்டுக்கே பட்டா இல்லாதவர்கள் லாரியை எப்படி மறிப்பார்கள்?

இப்போது மேட்டை அகற்றப் போகிறார்கள். தேவ்நாரில் தேங்கிக் கிடக்கும் 185 லட்சம் டன் பழைய குப்பையை மூன்றாண்டுகளில் அகழ்ந்து பிரித்து நிலத்தை மீட்பதற்கு 2025 மே மாதம் மாநகராட்சி ஒப்பந்தப்புள்ளி கோரியது. மதிப்பீடு 2,368 கோடி ரூபாய். நூறாண்டுக் குப்பையை அகற்றுவதை யாரும் எதிர்க்க மாட்டார்கள். தூய்மை இந்தியா இயக்கத்தின் இரண்டாம் கட்டமும் 2021 முதல் இதைத்தான் வலியுறுத்துகிறது. ஆனால், கவனிக்க வேண்டிய இரண்டு செய்திகள் உண்டு. மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது; 2026 ஜனவரி வரை தேர்தலே நடக்கவில்லை. அந்த நான்காண்டு இடைவெளியில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் உறுப்பினர்கூடக் கேள்வி கேட்க இயலாத நிலையில்தான் இந்த முடிவுகள் எடுக்கப்பட்டன. மற்றொன்று, அவசரத்தின் காரணம். சிவாஜி நகர்ப் பிள்ளைகள் அரை நூற்றாண்டு இருமியபோது வராத வேகம், அந்த நிலம் வேறொரு திட்டத்துக்குத் தேவைப்பட்டபோது வந்திருக்கிறது.

நிலம் முற்றிலும் தூய்மையானபின்தான் வீடு கட்டப்படும் என்று அரசுத் தரப்பு சொல்கிறது. மூடப்பட்ட குப்பைக் கிடங்கைப் பதினைந்து ஆண்டுகள் கண்காணித்து, வாயுவும் கசிவுநீரும் வரம்புக்குள் இருப்பதை உறுதிசெய்த பிறகே குடியிருப்புக்குப் பரிசீலிக்கலாம் என்று 2016 விதிகள் கூறின. குப்பையை அடியோடு தோண்டி எடுத்துவிட்டால் அது கிடங்கே அல்ல, எனவே காத்திருக்கத் தேவையில்லை என்று வாதிடலாம். மண்ணுக்கடியில் நூறாண்டாக ஊறிய சாற்றையும் தோண்டி எடுத்துவிட முடியுமா? மண்ணையும் நிலத்தடி நீரையும் சுயேச்சையான நிறுவனம் சோதித்து, முடிவுகளைத் தமிழ், மராத்தி, உருது, இந்தி ஆகிய மொழிகளில் தாராவியில் ஒட்டிய பிறகே ஒரு குடும்பத்தையாவது அனுப்ப வேண்டும்.

2,368 கோடி என்பது பழைய பாவத்தின் விலை. புதிய குப்பை நிற்கவில்லை. 2025-இல் நகரக் குப்பையின் மிகப்பெரும் பகுதி காஞ்சுர்மார்க் கிடங்குக்குத்தான் சென்றது. அந்த நிலம் பாதுகாக்கப்பட்ட காடு என்று அவ்வாண்டு மே மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. தேவ்நாரைத் தோண்டிக் காஞ்சுர்மார்க்கில் இன்னொரு தேவ்நாரை எழுப்புவதற்கு ஆண்டுக்கு 74,000 கோடி ரூபாய்க்கு மேல் வரவு செலவுத் திட்டம் போடும் மாநகராட்சி தேவையில்லை. 2025 ஏப்ரலில் வீடுகளிடம் குப்பைக் கட்டணம் வசூலிக்க வரைவு விதிகள் வெளியானபோது எல்லாக் கட்சிகளும் எதிர்ப்புக் குரல் எழுப்பின. அந்தப் பணம் யாருக்குப் போகும், ஒப்பந்ததாரருக்கா, புணேயைப் போலப் பொறுக்கும் பெண்களின் கூட்டுறவுக்கா என்று ஒரு கட்சியாவது கேட்டிருக்கலாம்.

2026 ஜனவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களிடம் இனி கேட்கலாம். எடைக்குக் கூலி தரும் ஒப்பந்தங்கள் எவை, அவை எப்போது முடிகின்றன? செம்பூரிலும் மாதுங்காவிலும் ஈரக் கழிவுக்குத் தனி வண்டி எத்தனை தெருக்களுக்கு வருகிறது? நோட்டீஸ் பெற்ற பெரிய வளாகங்களில் எத்தனை இன்று உரம் தயாரிக்கின்றன? வாயில் அடைக்கப்பட்ட பெண்களில் எத்தனை பேருக்கு மாநகராட்சி வேலையோ கூட்டுறவோ அமைத்துத் தந்தது? மேட்டின் காலடியில் உள்ள சந்துகளில் வீடுவீடாகக் குப்பை எடுக்க எப்போது ஆள் வருவார்? வார்டு வாரியாக இந்தக் கணக்கை மன்றத்தில் வைக்கச் சொல்ல ஓர் உறுப்பினர் எழுந்தால் போதும். அவர் எம் கிழக்கு வார்டிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை.